‘யார், எங்கே’ என்று கேட்டால் கதை புரிந்துவிடுமா?

கேள்வி: கீழக்கரை வாசகர், துபாயிலிருந்து
09.06.2025

என் மகள் இப்போது மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். ஊரில் இரவு 8.30 ஆகும்போது இங்கே மணி 7. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் காணொளி அழைப்பில் அவளுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டுவேன். சில நாட்களில் அவளே எழுத்துக்கூட்டாமல், தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். முடித்ததும் ‘கதையில் யார் யார் வந்தார்கள், எங்கே நடந்தது’ என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறாள், அல்லது ‘உம்மா கூப்பிடுறாங்க’ என்று எழுந்து போய்விடுகிறாள். இப்படிப்பட்ட சில்லறைக் கேள்விகள் நினைவாற்றலைச் சோதிக்குமே தவிரக் கதையைப் புரியவைக்காது என்பது என் கருத்து. ‘ஏன்’ என்ற ஒரு கேள்வி போதாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

10.06.2025, இரவு

சில்லறைக் கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரில், வலைப்பின்னும் கூடத்தின் ஒரு மூலையில், மூன்று ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தபோது தொடங்கியது. வாரத்தில் நான்கு நாள் கதைதான். ‘ஏன்’ என்று கேட்டு விடை வராதபோதெல்லாம் தடங்கல் அந்த ‘ஏன்’ என்பதில் இருப்பதில்லை, அதற்கு முன்பே ‘யார்’ என்ற இடத்தில் பிள்ளை வழி தவறியிருக்கிறது என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்றுதான் நாம் நினைப்போம். சென்ற ஆண்டு ஒரு சிறுவனிடம் ‘காக்கை ஏன் பாடியது’ என்று கேட்டேன். ‘பாட்டி பாடச் சொன்னாங்க’ என்றான். கதையில் வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தபோதுதான் தெரிந்தது, அவன் மனத்தில் மரத்தடியில் நரி இல்லை. வடையைப் பறிகொடுத்த பாட்டியே அங்கு வந்து நிற்கிறாள். அவன் அளவில் அது நியாயமான கதைதான், பறிகொடுத்தவள் தேடி வரத்தானே செய்வாள். ஆனால் நரியின் தந்திரம் என்ற பகுதி முழுவதும் அவனிடமிருந்து நழுவிப் போயிருந்தது. ‘மரத்துக்குக் கீழே நிற்பது யார்’ என்ற ஒற்றைக் கேள்விதான் அதை வெளியே கொண்டுவந்தது.

10.06.2025, சற்று நேரம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். உங்கள் மகள் தடங்கல் இல்லாமல் வாசிப்பதையும் கதை புரிவதையும் ஒன்றாகக் கருத வேண்டாம். 1986இல் காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவர் இதை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒரு பக்கம், அந்த மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம், இரண்டையும் பெருக்கி வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளுதல். கூட்டல் என்றால் ஒன்றில் உள்ள குறையை மற்றது ஈடுகட்டிவிடும். பெருக்கல் என்பதால் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம்தான். நீங்கள் வாசித்துக் காட்டும்போதும் அவள் பேசுவதில்லை, அவளே வாசிக்கும்போதும் பேசுவதில்லை என்கிறீர்கள். எனவே எழுத்தில் சிக்கல் இல்லை. கேட்டுப் புரிந்துகொள்வதில் இருக்கலாம், அல்லது நாம் கேள்வி கேட்கும் முறையில் இருக்கலாம்.

13.06.2025

‘யார்’ என்பது எளிய கேள்வி என்று நினைப்பவர்களுக்காக இன்று வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்காக நானே எழுதிய கதை ஒன்றில் இப்படி வருகிறது:

‘அண்ணனும் தம்பியும் கரைக்குப் போனார்கள். வலையில் ஒரு நண்டு சிக்கியிருந்தது. பிடித்தான். கடித்துவிட்டது. கத்தினான். ஓடி வந்து விடுவித்தான்.’

தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது நமக்கு இயல்பு. பெரியவர்கள் ஆளைத் தாங்களாகவே நிரப்பிக்கொண்டு போய்விடுகிறோம். பிடித்தவன் யார் என்று கேட்டேன். ஐந்து பேர் தம்பி என்றார்கள், மூன்று பேர் அண்ணன் என்றார்கள். கத்தியவன் யார், விடுவித்தவன் யார் என்று போகப் போகக் கூடத்தில் பெரிய வாக்குவாதமே வந்துவிட்டது. ‘கடித்துவிட்டது’ என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே விடை, ஏனென்றால் ‘அது’ என்ற விகுதி நண்டைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதிலும் நண்டுவலைக்காரர் மகன் ஒருவன் எழுந்து, ‘நண்டு கடிக்காது அக்கா, கொடுக்கால கவ்வும்’ என்று திருத்தினான். திருத்தத்தை ஏற்றுக்கொண்டு கதையில் மாற்றி எழுதிவிட்டேன்.

பிறகு அவனே இன்னொன்றும் கேட்டான்: ‘விடுவிச்சது எதை? நண்டையா, விரலையா?’ எழுதியவளுக்கே அதுவரை தோன்றாத கேள்வி. விரலை விடுவித்தால் அண்ணன் தம்பியைக் காப்பாற்றிய கதை. நண்டை விடுவித்தால் அது வேறு மாதிரியான அண்ணனைப் பற்றிய கதை. யார், எது என்று கேட்கப் போய்த்தான் ஒரே வரிக்குள் இரண்டு கதைகள் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

15.06.2025

விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நேற்று நள்ளிரவோடு முடிந்தது. இன்று கூடம் முழுவதும் வலையும் ஆட்களுமாக இருந்ததால் வகுப்பைக் கோயில் திண்ணைக்கு மாற்றிக்கொண்டோம்.

ஒரு பயிற்சித்தாளில் இருந்த சிறு பகுதியை வாசித்தோம். ‘கடல் அமைதியாக இருந்தது. ஆனாலும் படகுகள் கரையிலேயே நின்றன’ என்று அது தொடங்குகிறது. ஏன் நின்றன என்று கேட்க வேண்டும். அன்று ஊர்த் திருவிழா என்பது பின்னால் வருகிறது, அதுதான் எதிர்பார்க்கப்படும் விடை. முதல் வரிசையில் இருந்த பெண் பிள்ளை யோசிக்கக்கூட இல்லாமல், ‘விசைப்படகா, நாட்டுப்படகா?’ என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அவள் கேட்டது முற்றிலும் சரி. தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு தடைக்காலத்திலும் போகும். எங்கள் பக்கத்துக் கடலில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்துக்கொண்டு தொழில் செய்யும் வழக்கமும் உண்டு. எந்தப் படகு என்று தெரியாமல் ஏன் நிற்கிறது என்று சொல்ல அவளால் முடியாது. எழுதியவருக்கு அது வெறும் படகு.

‘ஏன்’ ஒன்று போதாதா என்று கேட்டவர் இதைப் பார்க்க வேண்டும். நான் கேட்ட ‘ஏன்’ என்பதற்கு அவள் ‘எது’ என்று கேட்டுத்தான் வழி தேடினாள்.

18.06.2025

பத்தாம் தேதி நான் எழுதியதில் ஒரு பாதியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. இதைப் படித்த ஓர் ஆசிரியர், ‘யார், எங்கே கேள்விகளுக்குச் சரியான விடை சொல்லும் பிள்ளைக்குக் கதை புரிந்துவிட்டது என்று எப்படி நம்புகிறீர்கள்’ என்று கேட்டிருந்தார். அதைச் சோதித்துப் பார்க்கப் பொருளே இல்லாத ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதினேன்:

‘கெம்பிலி துவாடியில் முறிஞ்சியது.’

முறிஞ்சியது எது? ‘கெம்பிலி’ என்று ஒரே குரலில் விடை வந்தது. எங்கே முறிஞ்சியது? ‘துவாடியில்.’ கெம்பிலி என்ன செய்தது? ‘முறிஞ்சியது.’ மூன்றுக்கும் மூன்று சரி. தேர்வாக இருந்தால் முழு மதிப்பெண்.

நம் மொழியின் அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. விடை வாக்கியத்தில் எந்தச் சொல் எங்கே நிற்கிறதோ அந்த இடத்திலேயே வினாச் சொல்லும் வந்து உட்கார்ந்துகொள்கிறது; வேறு எதையும் அசைக்க வேண்டியதில்லை. ‘இல்’ என்று முடிந்தால் எங்கே, ‘ஐ’ என்று முடிந்தால் எதை, ‘உடன்’ என்று முடிந்தால் யாருடன். வேற்றுமை உருபைப் பார்த்து விடையைப் பிடுங்கிக் கொடுக்க ஏழு வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். கதை மனத்துக்குள் போகவே தேவையில்லை. இத்தனை நாள் இப்படிச் சொல்லப்பட்ட விடைகளுக்கு நான் எத்தனை முறை ‘நன்று’ என்று சொல்லியிருப்பேன் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

19.06.2025

அதற்காக அடிப்படைக் கேள்விகளைக் கைவிடச் சொல்லவில்லை. அதே பிள்ளைகளிடம் நேற்று இன்னொன்றும் கேட்டேன்: ‘துவாடி என்பது வீட்டுக்குள்ளா, வெளியிலா?’ அப்போதுதான் விழித்தார்கள், பிறகு சிரித்தார்கள். புரிந்திருந்தால் மட்டும் விடை சொல்லக்கூடிய ‘எங்கே’ ஒன்று உண்டு. வரியைப் பார்த்தே சொல்லக்கூடிய ‘எங்கே’ வேறொன்று. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதுதான் ஏமாற்றிவிடுகிறது.

இன்று கேள்வியை வாயால் கேட்காமல் மணலில் கேட்டேன். கூடத்துக்கு வெளியே உள்ள மணலை ஓலையால் நிரவிவிட்டு, ஆளுக்கு ஒரு ஈர்க்குச்சியைக் கொடுத்து, நண்டுக் கதை நடந்த இடத்தை வரையச் சொன்னேன். வீடு ஒரு கட்டம், கடல் ஒரு நெளிகோடு. இரண்டு சிப்பிகள் அண்ணனும் தம்பியும். ஒரு கொட்டாங்கச்சிச் சில்லு நண்டு. கதையை நான் மெதுவாக மறுபடி சொல்லச் சொல்ல அவர்கள் சிப்பியை நகர்த்த வேண்டும். ‘ஓடி வந்து விடுவித்தான்’ என்ற வரி வந்ததும் எப்போதும் எல்லாக் கேள்விக்கும் முதலில் கை தூக்கும் சிறுவன் இரண்டு சிப்பிகளையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். அவன் இரண்டு சிப்பிகளையும் தொடக்கத்திலேயே நண்டின் பக்கத்தில் வைத்திருந்தான். ஓடி வருவதற்கு யாரும் தூரத்தில் இல்லை. பக்கத்தில் இருந்த சிறுமி, இதுவரை என்னிடம் இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதவள், தன் அண்ணன் சிப்பியை வீட்டு வாசலில் வைத்திருந்தாள். ‘வலையைக் காயப்போட்டுக்கிட்டு இருந்தான்’ என்றாள். அது கதையில் இல்லை. ஆனால் ‘ஓடி வந்து’ என்ற சொற்கள் அவளிடம் அதைக் கேட்டிருக்கின்றன.

வாயால் கேட்டிருந்தால் அந்தச் சிறுவனுக்கு மதிப்பெண் போட்டு, இந்தச் சிறுமியைக் கடந்து போயிருப்பேன்.

20.06.2025

சிறு குறிப்பு. கேள்வியைப் புத்தகத் தமிழில் கேட்காதீர்கள். ‘வந்தவர் யார்’ என்றால் பேசாமல் இருக்கும் பிள்ளை ‘யாரு வந்தா’ என்றால் பேசுகிறது. கதை எழுத்துத் தமிழில் இருக்கட்டும், அது காதில் விழ வேண்டும். கேள்வி வீட்டுப் பேச்சில் இருக்கட்டும். கீழக்கரையில் உங்கள் வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே கேளுங்கள்.

24.06.2025

கேள்வியைக் கதை முடிந்த பிறகுதான் கேட்க வேண்டும் என்று நமக்கு யார் சொன்னது? என் அப்பத்தா அப்படிக் கேட்டதே இல்லை.

அப்பத்தா பிறந்தது ராமேசுவரம் தீவில். பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டே கதை சொல்லும். நாங்கள் ‘உம்’ கொட்ட வேண்டும். ‘உம்’ நின்றுவிட்டால் கதையும் நின்றுவிடும். இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் அந்த ‘உம்’ என்பதைக் கொண்டே யார் தொடர்ந்து வருகிறார்கள், யார் பின்தங்கிவிட்டார்கள் என்பதை அது கணித்திருக்கிறது. வெறும் வாயால் வரும் ‘உம்’ என்பதையும் மனத்திலிருந்து வரும் ‘உம்’ என்பதையும் பிரித்தறிய அதற்குத் தெரியும். சந்தேகம் வந்தால் ஓலையைக் கீழே வைக்காமலே ஒரு கேள்வி வரும்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைத்தான் அது அடிக்கடி சொல்லும். பாம்பனிலிருந்து வந்த பயணி ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் அலை அடித்துக்கொண்டு போனதைச் சொல்ல வரும்போது, சொல்வதற்கு முன் நிறுத்தும். ‘இப்பக் கடல் எந்தப் பக்கம் கிடக்கு?’ என்று கேட்கும். நாங்கள் எங்கள் ஊர்க் கடலை வைத்து ஒரு பக்கமாகக் கையைக் காட்டுவோம். ‘இல்லை, ரெண்டு பக்கமும்’ என்று சொல்லிவிட்டு, முடைந்துகொண்டிருந்த ஓலையில் ஒரு கீற்றை எடுத்து மடியில் நீளமாக வைக்கும். கீற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல், நடுவில் ரயில். அதற்குப் பிறகுதான் அலை வரும்.

பாக் நீரிணை, மன்னார் வளைகுடா என்ற பெயர்களை எல்லாம் பள்ளிக்கூடத்தில் பின்னால்தான் படித்தேன். ஆனால் ஓடுவதற்கு இடமே இல்லாத நிலம் எப்படி இருக்கும் என்பது அந்த ஓலைக் கீற்றில் எனக்குத் தெரிந்துவிட்டது. ‘அவங்க ஏன் தப்பிக்கலை’ என்று நாங்கள் கேட்டதே இல்லை. ‘எங்கே’ என்பது சரியாக விழுந்துவிட்டதால் ‘ஏன்’ என்பதைக் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை.

02.07.2025

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கதை இது. மகன் கடலுக்குப் போயிருக்கிறான். இருட்டிவிட்டது. அம்மா விளக்கை ஏற்றி வாசலில் வைக்கிறாள். சோறு ஆறிப்போகிறது. அவள் சாப்பிடவில்லை. ‘அம்மா ஏன் சாப்பிடவில்லை’ என்று கேட்டேன். நான் எதிர்பார்த்த விடை, மகன் இன்னும் வரவில்லை என்ற கவலை. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ‘எங்க அம்மாவும் சாப்பிடாது’ என்றாள்.

‘நான் கதையில் வரும் அம்மாவைக் கேட்டேன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். அடுத்த பிள்ளை ‘கவலை’ என்றான், ‘சரி’ என்றேன்.

இரவு படுத்த பிறகுதான் அந்தச் சிறுமியின் முகம் வந்தது. கேட்ட கேள்விக்கு அன்று கூடத்தில் உண்மையாக விடை சொன்னவள் அவள் ஒருத்திதான். ‘கவலை’ என்ற சொல்லை அடுத்தவன் எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்தான். இவள் தன் வீட்டு வாசலிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் அவளிடம் போய் உட்கார்ந்து, ‘உங்க அம்மா எப்பச் சாப்பிடும்?’ என்று கேட்டேன். ‘அப்பா போட்டுச் சத்தம் கேட்டதும்.’ ‘எந்தப் போட்டுன்னு எப்படித் தெரியும்?’ ‘எங்க இன்ஜின் சத்தம் அதுக்குத் தெரியும்.’ சற்று நேரம் கழித்து, ‘அப்ப, கதையில வர்ற அந்த அம்மா?’ என்றேன். ‘அந்த அண்ணன் வந்ததும் சாப்பிடும். சோத்தைச் சூடு பண்ணித்தான் சாப்பிடும்’ என்றாள். தன் வீட்டிலிருந்து கதைக்குத் திரும்பிவர அவளுக்கு மூன்று கேள்விகள் தேவைப்பட்டன, மூன்றுமே எளிய கேள்விகள். முதல் நாள் நான் அவளைத் திரும்பவிடாமல் வாசலிலேயே கதவைச் சாத்தியிருக்கிறேன்.

03.07.2025

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. பள்ளியில் வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று நன்னூலில் படித்ததை எல்லோரும் மறந்திருக்க மாட்டீர்கள். சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடியாகச் சொல்லும் விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்ற ஐந்தும் நேராகச் சொல்லாமல் பொருளைத் தருபவை. அந்த ஐந்தையும் பவணந்தி முனிவர் விடை என்றே ஏற்றுக்கொள்கிறார். ‘விசைப்படகா, நாட்டுப்படகா’ என்று கேட்ட பிள்ளை சொன்னது வினா எதிர் வினாதல். ‘எங்க அம்மாவும் சாப்பிடாது’ என்பது இனமொழி. எண்ணூறு ஆண்டுக்கும் குறையாமல் இலக்கணம் விடை என்று ஏற்று வந்ததை நாம் பயிற்சித்தாளில் தவறு என்று குறிக்கிறோம்.

05.07.2025

ஒரு திருத்தம். இனமொழி என்று எழுதியது பொருந்தாது. ‘ஆடுவாயா’ என்றால் ‘பாடுவேன்’ என்று கேட்டதற்கு இனமான மற்றொன்றைச் சொல்வதே இனமொழி. அந்தச் சிறுமி சொன்னது அப்படிப்பட்டதன்று. தன் வீட்டில் நேர்வதைச் சொன்னதால் உற்றது உரைத்தலுக்குப் பக்கத்தில் வரும், ஆனால் அதிலும் முழுமையாக அடங்காது. இலக்கணம் அறிந்தவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். நேராக வராத விடையையும் நின்று கேட்க வேண்டும் என்று சொல்ல வந்ததில் மாற்றம் இல்லை.

09.07.2025

நின்று கேட்பதைப் பற்றி. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக ஆக்கியதும் விடைகள் நீண்டன. தெரியாது என்பதும் பேசாமல் இருப்பதும் குறைந்தன. மூன்று நொடி என்பது சொல்லும்போது சிறியது, கூடத்தில் நிற்கும்போது மிக நீளமானது. எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. எதிரே ஒருவர் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கோத்துக்கொண்டிருப்பார். கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் கையைப் பார்ப்பேன். ஊசி கண்ணுக்குள் நுழைந்து, சுற்றி, முடிச்சு இறுகும் வரை வாயைத் திறப்பதில்லை.

காணொளி அழைப்பில் இது இன்னும் கடினம் என்பது தெரியும். அழைப்பில் யாரும் பேசாமல் இருந்தால் தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நாம் ‘ஹலோ, ஹலோ’ என்போம். உங்கள் மகள் யோசிக்கும் நேரத்தில் நீங்கள் ‘ஹலோ’ சொல்கிறீர்களா என்று கவனித்துப் பாருங்கள்.

11.07.2025

ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருந்தும் கேட்டவருக்குச் சொல்ல வேண்டியதை இன்றுதான் கண்டுகொண்டேன்.

நன்னூல் வினாக்களில் முதலாவது அறிவினா: தனக்கு விடை தெரிந்தும், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று அறியக் கேட்பது. இரண்டாவது அறியா வினா: தெரியாததால் கேட்பது. டோலரஸ் டர்க்கின் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நான்காம் வகுப்பு வாசிப்பு வகுப்புகளில் உட்கார்ந்து நிமிடக்கணக்கில் குறிப்பெடுத்து, 1978-79இல் வெளியிட்டார். கதையைப் புரிந்துகொள்வது எப்படி என்று கற்றுக்கொடுத்த நேரம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கேள்வி கேட்பதும் விடை சரியா என்று பார்ப்பதும்தான் நடந்தன. அதாவது அறிவினாவுக்கு மேல் அறிவினா.

நீங்கள் மகளிடம் கேட்பதும் அதுதான். கதையை நீங்களே வாசித்துக் காட்டிவிட்டு, அல்லது அவள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, யார் வந்தார்கள் என்று கேட்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்த ஒருவருக்கு மறுபடி சொல்வதில் அவளுக்கு என்ன வேலை இருக்கிறது?

கடல் கடந்து இருப்பதில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் உள்ள புத்தகத்தை நீங்கள் பார்த்ததில்லை. உம்மாவுடன் உட்கார்ந்து பகலில் ஒரு கதையை அவள் வாசிக்கட்டும். இரவு உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் அந்தக் கதையைத் தேடிப் படிக்காதீர்கள். அப்போது ‘யார்’ என்றால் உண்மையிலேயே யார் என்று தெரியாமல் கேட்பீர்கள்.

21.07.2025

துபாயிலிருந்து கேள்வி கேட்டவர் நேற்று எழுதியதை அவர் அனுமதியோடு சுருக்கிச் சொல்கிறேன். முதல் நாள் அவள் முழுக் கதையையும் மூன்றே சொற்களில் முடித்துவிட்டாளாம்: ‘அவன் போனான், கிடைச்சிருச்சு.’ ‘எவன்?’ ‘அதான் வாப்பா, அந்தப் பையன்.’ ‘எந்தப் பையன்? நான் பார்க்கலையே.’ பேசாமல் இருந்தாள். இவரும் ‘ஹலோ’ சொல்லாமல் இருந்தார். பிறகு எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, கைப்பேசியைப் படத்தின் மேல் வைத்துக் காட்டினாளாம். ‘என்ன கிடைத்தது’ என்று கேட்டதற்குப் பக்கம் புரட்டித் தேடிப் படித்துச் சொன்னாளாம்.

தேடிப் பார்த்துச் சொல்வது திருட்டு அன்று. பிள்ளைகளைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு விடை சொல்லச் சொல்வதால்தான் இது நினைவாற்றல் சோதனை ஆகிறது. உங்கள் முதல் கேள்வியில் இருந்த அந்தக் குறை நியாயமானதுதான். அப்போது நான் அதற்குச் சரியாக விடை சொல்லவில்லை. புத்தகம் திறந்தே இருக்கட்டும்.

22.07.2025

‘அப்படியானால் தெரிந்த கதையைக் கேட்கவே கூடாதா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்கலாம். எங்கள் வகுப்பில் தெரிந்த கதையைக் கேட்கும்போது, முதல் நாள் வராத பிள்ளையை நடுவில் உட்காரவைத்து அதற்குச் சொல்லச் சொல்கிறேன். கடற்கரை ஊரில் தினமும் யாராவது வராமல் இருப்பார்கள். பாசி எடுக்கப் போகும் நாளில் வீட்டைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பிள்ளைகள் நின்றுவிடுவது உண்டு. மறுநாள் வந்து ‘யாரு? எங்க? அப்புறம்?’ என்று அவர்கள் கேட்கும் கேள்விகளைப் போல என்னால் கேட்க முடிந்ததில்லை.

14.08.2025

துபாய் வாசகரிடமிருந்து இன்னொரு கடிதம். இப்போது மகள்தான் கதை சொல்கிறாள், நடுவில் நிறுத்தி இவரைக் கேட்கவும் செய்கிறாளாம். முந்தாநாள் ஓர் ஆட்டின் கதை. இவர் அடுப்பில் குழம்பு வைத்துவிட்டு, ஒரு கண்ணை அதில் வைத்துக்கொண்டு ‘உம், உம்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் சட்டென்று நிறுத்தி, ‘வாப்பா, இப்ப ஆடு எங்க நிக்குது, சொல்லுங்க?’ என்றாளாம். இவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னதும் கோபித்துக்கொள்ளாமல், ‘அடுப்பை அமத்திட்டு வாங்க’ என்று சொல்லி, முதலிலிருந்து தொடங்கினாளாம்.

15.08.2025

இதை நேற்று மாலை பிள்ளைகளிடம் சொன்னேன். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், எனக்கும் விடை தெரியாது. ஆடு எங்கே நின்றது என்று உங்கள் மகளிடம் கேட்டு எழுதுங்கள்.